இரும்பின் சத்தம் யாருடையது? ஹெவி மெட்டல் வரலாற்றில் சில தருணங்கள்



நினைவுப் பேருரைக்கு இது என்ன தலைப்பு என்று சிலருக்குத் தோன்றலாம். இந்த மேடையில் நிலம் பற்றிப் பேசியிருக்கிறோம், கல்வி பற்றிப் பேசியிருக்கிறோம், இலக்கியம் பற்றி நிறையவே பேசியிருக்கிறோம். எங்கோ இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நீள முடி வைத்த வெள்ளைக்கார இளைஞர்கள் போடும் கூச்சலில் நமக்கு என்ன இருக்கிறது?

'கூச்சல்' என்ற அந்தச் சொல்லில்தான் நமக்கு வேலை இருக்கிறது. பறையை இசை என்று ஒப்புக்கொள்ள இந்தச் சமூகம் எத்தனை காலம் எடுத்துக்கொண்டது என்பதை நாம் அறிவோம். எது நாதம், எது இரைச்சல் என்று தீர்மானிக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி நமக்குப் பழைய கேள்வி. அதே கேள்வி வேறு நாட்டில், வேறு மக்களிடையே எப்படி எழுந்தது, அவர்கள் எதை வென்றார்கள், எதை மறந்தார்கள் என்று பார்ப்பது நமக்குப் பயன்படும். அதனால் ஹெவி மெட்டல் வரலாற்றின் சில தருணங்களை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறோம்.

1. ஆஸ்டன்: ஒரு தொழிற்சாலை விபத்து

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருக்கும் பர்மிங்காம் ஒரு தொழில் நகரம். அதன் ஒரு பகுதியான ஆஸ்டன், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியக் குண்டுவீச்சில் அடிபட்ட இடம். போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும் இடிந்த வீடுகளின் நடுவேதான் அங்கே பிள்ளைகள் விளையாடினார்கள். அப்பாவும் அம்மாவும் ஆலைக்குப் போவார்கள்; பிள்ளைகளும் பதினைந்து வயதில் பள்ளியை விட்டு ஆலைக்குப் போவார்கள். ஹெவி மெட்டலின் தொடக்கம் என்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் பிளாக் சாபத் குழுவின் நால்வரும் இந்தப் பகுதியில் வளர்ந்தவர்கள்.

பாடகர் ஓஸி ஆஸ்போர்னின் தந்தை இரவு ஷிஃப்டில் வேலை பார்த்த கருவித் தொழிலாளி. தாய் மோட்டார் வாகன உதிரிபாக ஆலையில் வேலை பார்த்தவர். ஓஸியும் அந்த ஆலையில் கார் ஹாரன்களைச் சோதித்துப் பார்க்கும் வேலை செய்தார். மாட்டிறைச்சிக் கூடத்தில் வேலை செய்தார். திருட்டு வழக்கில் அபராதம் கட்டப் பணமில்லாமல் சில வாரங்கள் சிறையில் இருந்தார்.

கிடார் கலைஞர் டோனி அயோமியின் கதைதான் இங்கு முக்கியம். 1965இல் அவருக்குப் பதினேழு வயது. தகரத் தகடு செய்யும் ஆலையில் வேலை. அன்று அவருக்கு அங்கே கடைசி நாள். இசைக்குழுவோடு வெளிநாடு போவதாக இருந்தது. அழுத்தும் எந்திரத்தில் வழக்கமாக நிற்பவர் வராததால் இவரை அங்கே நிறுத்தினார்கள். எந்திரம் அவருடைய வலது கையின் இரண்டு விரல் நுனிகளை எடுத்துக்கொண்டது. அவர் இடது கைப் பழக்கம் உள்ளவர். ஆகவே வலது கைதான் கம்பிகளை அழுத்தும் கை. இனி கிடார் வாசிக்க முடியாது என்றார்கள்.

ஆலையின் மேலாள் ஒருவர் அவருக்கு ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். அதை வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாகத் தீண்டத்தகாதவர்களைப் போல ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட ரோமா மக்களில் ஒருவர். 1928இல் வண்டி வீட்டில் தீப்பிடித்து, இடது கையின் இரண்டு விரல்கள் முடங்கிப்போன பிறகும் உலகப் புகழ் பெற்றவர். அதைக் கேட்ட பிறகு அயோமி ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கித் தன் விரல்களுக்குத் தொப்பி செய்தார். அதன்மேல் பழைய தோல் சட்டையிலிருந்து வெட்டிய துண்டை ஒட்டினார். தடித்த கம்பிகளை அழுத்த முடியாததால் மெல்லிய கம்பிகளைப் போட்டார். பின்னர் கம்பிகளின் இறுக்கத்தைத் தளர்த்திச் சுருதியையும் கீழே இறக்கினார். 1971இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' தொகுப்பில் அந்தக் கனத்த, தாழ்ந்த ஒலியைத் தெளிவாகக் கேட்கலாம். அதன்பின் வந்த ஆயிரக்கணக்கான குழுக்கள் சுருதி இறக்குவதை ஒரு பாணியாகவே எடுத்துக்கொண்டன. காயம்பட்ட ஒரு தொழிலாளியின் கை தனக்குக் கண்டுபிடித்த வழி அது.

அவர்களுடைய முதல் தொகுப்பு 1969 அக்டோபரில் ஒரே நாளில் பதிவு செய்யப்பட்டு, 1970 பிப்ரவரி 13 அன்று வெளியானது. அதன் முதல் பாடல், பழைய ஐரோப்பிய இசை இலக்கணம் தவிர்க்கச் சொன்ன ஒரு சுர இடைவெளியின் மேல் நிற்கிறது. நம் கணக்கில் சட்ஜத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் உள்ள தூரம். விமர்சகர்கள் அந்தத் தொகுப்பை ஏளனம் செய்தார்கள். மக்கள் வாங்கினார்கள். அதே ஆண்டு வந்த இரண்டாவது தொகுப்பின் முதல் பாடலான 'வார் பிக்ஸ்', ஏழைப் பிள்ளைகளைப் போருக்கு அனுப்பிவிட்டுத் தான் வீட்டில் இருக்கும் ஆளும் வர்க்கத்தைப் பற்றியது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது.

2. பெயர் யாருக்கு?

பிளாக் சாபத் தொடங்கியபோது அது ஒரு ப்ளூஸ் குழு. அந்த நாளின் ஆங்கிலேய ராக் குழுக்கள் பலவும் அப்படித்தான். ப்ளூஸ் என்பது அமெரிக்கத் தெற்கில், அடிமை முறை ஒழிந்த பிறகும் பருத்திக் காட்டில் குத்தகைக் கடனில் கட்டுண்டு கிடந்த கறுப்பின மக்களின் இசை. மிசிசிப்பியின் பண்ணை ஒன்றில் வேலை செய்த மடி வாட்டர்ஸ் 1943இல் சிகாகோ போனார். நகரத்து மதுக்கூடத்தின் சத்தத்தில் சாதாரணக் கிடார் எடுபடவில்லை. மின்சாரக் கிடாரை எடுத்தார். ராக் இசையின் உரத்த கிடார் ஒலிக்கு அடித்தளம் அங்கே போடப்பட்டது.

உடைந்து கரகரக்கும் ஒலிக்கும் இப்படி ஒரு முன்கதை உண்டு. 1958இல் 'ரம்பிள்' என்ற பாடலை வாசித்த லிங்க் ரே, தன்னை ஷானி பழங்குடியின் வழிவந்தவர் என்று சொன்னவர். ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பில் பென்சிலால் ஓட்டை போட்டு அந்தக் கரகரப்பை உண்டாக்கினார். அதில் ஒரு சொல்கூடக் கிடையாது. ஆனாலும் இளைஞர்களைச் சண்டைக்குத் தூண்டும் என்று சொல்லிச் சில நகர வானொலிகள் அதை ஒலிபரப்ப மறுத்தன. சொல்லே இல்லாத ஒலி ஒன்று ஆபத்தானதாகக் கருதப்பட்டது.

இனி வில்லி டிக்சனின் கதை. 1915இல் மிசிசிப்பியில் பிறந்து சிகாகோவில் வாழ்ந்த பாடலாசிரியர். அவர் எழுதிய 'யூ நீட் லவ்' பாடலை மடி வாட்டர்ஸ் 1962இல் பாடிப் பதிவு செய்தார். 1969இல் லெட் செப்பலின் குழு 'ஹோல் லாட்டா லவ்' பாடலை வெளியிட்டது. ஹெவி மெட்டலுக்குப் பாதை போட்ட பாடல்களில் ஒன்று என்று இன்றும் கொண்டாடப்படுகிறது. அதில் பல வரிகள் டிக்சனுடையவை. பெயர்ப் பட்டியலில் டிக்சன் இல்லை. 1985இல் அவர் வழக்குத் தொடுத்தார். 1987இல் சமரசம் ஏற்பட்டு, பிறகு பாடலாசிரியர் பட்டியலில் அவர் பெயரும் சேர்ந்தது. ப்ளூஸ் கலைஞர்களுக்கு உரிமைத்தொகை பெற்றுத்தரவும் உதவவும் அவர் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார்.

இங்கே நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். நம் ஒப்பாரிகள், நடவுப் பாடல்கள், தெம்மாங்குகள் நூல்களில் தொகுக்கப்பட்டபோது, தொகுத்தவர் பெயர் அட்டையில் அச்சானது. பாடிய பெண்ணின் பெயர் பல நேரங்களில் எங்கும் இல்லை. 'ஆசிரியர் பெயர் தெரியாத மக்கள் இலக்கியம்' என்று சொல்வது கேட்க மரியாதையாக இருக்கிறது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும் பெயர்கள் அவை. டிக்சனுக்கு நீதிமன்றம் இருந்தது, பதிவான இசைத்தட்டு சாட்சியாக இருந்தது. அவை இரண்டும் இல்லாதவர்களின் வரலாறுதான் நம் வரலாறு.

3. அதே பட்டறை, வேறு தொழிலாளர்கள்

ஹெவி மெட்டலை வெள்ளைத் தொழிலாளி வர்க்கத்தின் இசை என்று எழுதுகிறார்கள். அது உண்மை, ஆனால் அந்தப் பட்டறைகளில் வெள்ளையர் மட்டும் நிற்கவில்லை.

பர்மிங்காமை ஒட்டிய ஸ்மெத்விக் நகரின் வார்ப்படச் சாலைகளில் கரீபியத் தீவுகளிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் வந்தவர்கள் உருகிய இரும்பின் அருகே மிகக் கடுமையான வேலைகளைச் செய்தார்கள். வேலை முடிந்து மதுக்கூடத்துக்குப் போனால் பல இடங்களில் உள்ளே விடமாட்டார்கள். 1965 பிப்ரவரியில் இந்தியத் தொழிலாளர் சங்கத்தின் அழைப்பில் மால்கம் எக்ஸ் ஸ்மெத்விக் வந்து அந்தத் தெருக்களில் நடந்தார். ஒன்பது நாட்களில் நியூயார்க்கில் அவர் கொல்லப்பட்டார். 1968 ஏப்ரலில், குடியேறியவர்களுக்கு எதிரான தன் பெயர்பெற்ற வெறுப்புப் பேச்சை ஈனோக் பவல் பேசியது பர்மிங்காமில். பிளாக் சாபத்தின் நால்வர் ஒன்று சேர்ந்தது அதே ஆண்டு, அதே நகரத்தில்.

பஞ்சாபிலிருந்து அந்த ஆலைகளுக்குப் போனவர்களில் நம் மக்களும் இருந்தார்கள். கடல் கடந்து போன இடத்துக்கும் சாதி கூடவே போனது. அவர்கள் பர்மிங்காமிலும் வுல்வர்ஹாம்டனிலும் குரு ரவிதாஸ் பெயரில் தங்களுக்கென்று வழிபாட்டு இடங்களை எழுப்பிக்கொண்டார்கள். வெளியே நிறவெறி, சொந்த நாட்டார் நடுவே சாதி என்று இரண்டு கதவுகள் அவர்களுக்கு மூடியிருந்தன. ஹெவி மெட்டல் பற்றிய புத்தகங்களில் அந்தப் பட்டறைகளின் சத்தம் வருகிறது. இந்த மனிதர்கள் வருவது அரிது.

ஆஸ்டனுக்குப் பக்கத்து ஹாண்ட்ஸ்வொர்த்தில் கரீபியக் குடும்பத்துப் பிள்ளைகள் 1975இல் தொடங்கிய குழுவுக்கு ஸ்டீல் பல்ஸ் என்று பெயர். அவர்கள் பாடியது ரெகே. அருகிலுள்ள வெஸ்ட் பிராம்விச் பகுதியில் எழுந்த ஜூடாஸ் பிரீஸ்ட் குழு 1980 ஏப்ரலில் வெளியிட்ட தொகுப்புக்கு 'பிரிட்டிஷ் ஸ்டீல்' என்று பெயர். அதன் கிடார் கலைஞர்களில் ஒருவர் அந்த உருக்கு நிறுவனத்திலேயே வேலை செய்தவர். நாடு முழுவதும் உருக்குத் தொழிலாளர் செய்த மூன்று மாத வேலைநிறுத்தம் முடிந்த அதே மாதம் அது வெளியானது. ஒரே இரும்பு ஒரு குழுவின் பெயரிலும் இன்னொரு குழுவின் தொகுப்புப் பெயரிலும் இருக்கிறது. வரலாறு அவற்றை வேறு வேறு அலமாரியில் வைத்துவிட்டது.

இடையில் 1976 ஆகஸ்டில் பர்மிங்காம் மேடையில் எரிக் கிளாப்டன், குடிபோதையில், பவலை ஆதரித்தும் குடியேறியவர்களை இழிவாகவும் பேசினார். கறுப்பின மக்களின் ப்ளூஸை வாசித்துப் பேரும் பணமும் சம்பாதித்தவர் அவர். பல ஆண்டுகள் கழித்து அந்தப் பேச்சுக்காக வெட்கப்படுவதாகச் சொன்னார். அன்றைக்கு அதற்கு எதிர்வினையாகப் பிறந்ததுதான் 'இனவெறிக்கு எதிரான ராக்' இயக்கம். ஒரு மக்களின் கலையை நேசிப்பவர் அந்த மக்களையும் நேசிப்பார் என்று நம்பிவிடக் கூடாது. கானாவைத் திரையரங்கில் ரசித்துவிட்டு, கானா பிறந்த குடியிருப்புக்கு வாடகை வீடு கேட்டு வருபவரைத் திருப்பி அனுப்பும் ஊர்க்காரர்களான நமக்கு இது புதிய செய்தி இல்லை.

4. குற்றவாளிக் கூண்டில் இசை

1985 செப்டம்பர் 19 அன்று அமெரிக்க செனட் குழு முன்பு ஒரு விசாரணை நடந்தது. செல்வாக்கு மிக்க அரசியல்வாதிகளின் மனைவியர் தொடங்கிய அமைப்பு ஒன்று, பாடல்கள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்று புகார் செய்திருந்தது. அவர்கள் சுட்டிக்காட்டிய பாடல்களில் ஹெவி மெட்டல் பாடல்களே அதிகம். ட்விஸ்டட் சிஸ்டர் குழுவின் டீ ஸ்னைடர் கையில்லாத சட்டையோடு வந்து அமர்ந்தார். ஒன்றும் தெரியாத முரடன் என்று எதிர்பார்த்தவர்கள் முன் நிதானமாகப் பேசினார். வன்முறைப் பாடல் என்று அவர்கள் குற்றம் சாட்டிய ஒன்று, உண்மையில் தன் குழுவின் கலைஞர் ஒருவர் செய்துகொள்ளவிருந்த தொண்டை அறுவைச் சிகிச்சையின் பயத்தைப் பற்றியது என்று விளக்கினார். இருந்தும் எச்சரிக்கை ஒட்டுத்தாள் வந்தே தீர்ந்தது.

1990இல் நெவாடா மாநிலத்தில், இரண்டு இளைஞர்கள் தங்களைச் சுட்டுக்கொண்டதற்கு ஜூடாஸ் பிரீஸ்ட் பாடலில் ஒளிந்திருக்கும் கட்டளைதான் காரணம் என்று வழக்கு நடந்தது. நீதிபதி அதைத் தள்ளுபடி செய்தார். அந்தக் குழுவின் பாடகர் ராப் ஹால்ஃபோர்ட் 1998இல் தொலைக்காட்சியில் தான் தன்பாலீர்ப்பாளர் என்று அறிவித்தார். ஹெவி மெட்டலின் ஆண்மை அடையாளமாக உலகமே போட்டுக்கொண்ட கறுப்புத் தோல் உடையை மேடைக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். ஆண்மை என்று கொண்டாடியவர்கள் பல ஆண்டுகள் யாருடைய உடையை உடுத்திக்கொண்டிருந்தார்கள் என்று அன்று தெரிந்துகொண்டார்கள்.

மூன்றாவது வழக்கு நீதிமன்றத்துக்கே போகவில்லை. ஆனால் தண்டனை கிடைத்தது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரக் கறுப்பினக் கலைஞர்களான ஐஸ்-டியும் நண்பர்களும் தொடங்கிய மெட்டல் குழு பாடி கவுண்ட். 1992இல் வந்த முதல் தொகுப்பில் 'காப் கில்லர்' என்ற பாடல் இருந்தது. போலீஸ் வன்முறையால் வெறிகொண்ட ஒருவனின் குரலில் எழுதப்பட்டது. ராட்னி கிங்கை அடித்த காவலர்கள் விடுவிக்கப்பட்டு லாஸ் ஏஞ்சலிஸ் எரிந்ததும் அதே ஆண்டுதான். காவலர் சங்கங்கள் புறக்கணிப்பு அறிவித்தன. குடியரசுத் தலைவரும் துணைத் தலைவரும் கண்டித்தார்கள். ஜூலையில் ஐஸ்-டி அந்தப் பாடலை விலக்கிக்கொண்டார்.

இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். கிடாரும் டிரம்ஸும் அதிரும் அந்தப் பாடலை அரசியல்வாதிகளும் பத்திரிகைகளும் 'ராப் பாடல்' என்றே எழுதினார்கள். பாடுபவரின் தோல் நிறத்தைப் பார்த்து இசையின் வகையைத் தீர்மானித்தார்கள். அடுத்தது, பாப் மார்லி எழுதிய 'ஐ ஷாட் த ஷெரிஃப்' பாடலை கிளாப்டன் பாடியபோது அது 1974இல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. வெள்ளைக் கலைஞர் பாடினால் அது கதை. கறுப்புக் கலைஞர் பாடினால் அது வாக்குமூலம். பாடி கவுண்டுக்கு மெட்டல் பிரிவில் கிராமி விருது கிடைத்தது 2021இல்.

இதற்கு முன்பே, 1985இல், வெர்னன் ரீடும் கிரெக் டேட்டும் கோண்டா மேசனும் நியூயார்க்கில் கறுப்பு ராக் கூட்டமைப்பைத் தொடங்கியிருந்தார்கள். நாங்கள் உருவாக்கிய இசையில் எங்களுக்கே இடம் கேட்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் அவர்களுடைய கேள்வி. ரீடின் லிவிங் கலர் குழு 1990இல் கடின ராக் பிரிவில் கிராமி வென்றது. சங்கம் வைத்துத்தான் இடம் பிடிக்க முடிந்தது என்பதை நம்மைப் போன்ற அமைப்புகள் குறித்துக்கொள்ள வேண்டும்.

5. எரிந்த தேவாலயங்கள்

எதிர்ப்பு இசை என்றால் அது தானாகவே நம் பக்கம் நிற்கும் என்று எண்ணுவது தவறு. நார்வேயில் 1990களின் தொடக்கத்தில் பிளாக் மெட்டல் என்ற கிளை வளர்ந்தது. 1992 ஜூன் 6 அன்று பெர்கன் அருகே 12ஆம் நூற்றாண்டின் ஃபான்டாஃப்ட் மரத் தேவாலயம் எரிந்து சாம்பலானது. மேலும் பல தேவாலயங்கள் எரிந்தன. அதே ஆண்டு லில்லஹாமரில் ஒரு தன்பாலீர்ப்பாளர், அந்த வட்டத்து டிரம்ஸ் கலைஞர் ஒருவரால் குத்திக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு ஒரு கலைஞரை இன்னொரு கலைஞரே கொன்றார். கொன்றவர் பிற்பாடு வெளிப்படையாகவே இனவெறிக் கருத்துகளைப் பரப்பினார்.

இவர்கள் வசதியான ஒரு நலவாழ்வு நாட்டின் பிள்ளைகள். மதத்தை எதிர்க்கிறோம் என்று தொடங்கியவர்களில் ஒரு பகுதியினர், கிறித்தவத்துக்கு முந்தைய தூய இனம், தூய மண் என்ற இடத்தில் போய் நின்றார்கள். ஒரு மதத்தை மறுத்துவிட்டு இன்னும் பழைய 'தூய்மை'யைத் தேடிப் போவது விடுதலை ஆகாது. பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பிப்பதை எதிர்க்கிறதா என்பதே உரைகல். அம்பேத்கர் பௌத்தத்தைத் தேர்ந்தபோது அவர் தேடியது பழைமையை அல்ல, சமத்துவத்தை. இந்த வேறுபாட்டை நம் இளைஞர்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

6. மண்ணும் மொழியும்

பிரேசிலின் பெலோ ஓரிசோன்ட்சி நகரில், ராணுவ ஆட்சியின் கடைசிக் காலத்தில், 1984இல் தொடங்கிய குழு செபுல்துரா. 1993இல் வந்த அவர்கள் தொகுப்பில் ஒரு பாடல், நிலத்தைப் பறிகொடுத்துத் தற்கொலைக்குத் தள்ளப்பட்ட கயோவா பழங்குடியினரைப் பற்றியது. இன்னொன்று 1992இல் கராந்திரு சிறையில் 111 கைதிகள் கொல்லப்பட்டதைப் பற்றியது. 1996இல் வந்த 'ரூட்ஸ்' தொகுப்புக்காக ஷவாந்தே பழங்குடியினரின் ஊருக்கே போய் அவர்களோடு அமர்ந்து பாடிப் பதிவு செய்தார்கள். இது டிக்சனின் வரிகளைப் பெயர் சொல்லாமல் எடுத்ததிலிருந்து வேறுபட்ட முறை.

அடுத்த படியை நியூசிலாந்தில் பார்க்கிறோம். ஏலியன் வெப்பனரி குழு மாவோரி மொழியிலேயே மெட்டல் பாடுகிறது. 2018இல் வந்த அவர்களின் முதல் தொகுப்பில் ஒரு பாடல், 1863ஆம் ஆண்டுச் சட்டத்தின் பேரில் காலனி அரசு மாவோரி நிலங்களைப் பறித்ததைப் பற்றியது. இன்னொன்று அவர்களுடைய முன்னோர் ஒருவர் பங்கெடுத்த 1864ஆம் ஆண்டுப் போரைப் பற்றியது. பஞ்சமி நிலத்தைக் காகிதத்தில் மட்டும் பார்க்கும் நமக்கு, அந்தப் பாடல் எதற்காக இத்தனை உரக்க இருக்கிறது என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

இந்தோனேசியாவில், மேற்கு ஜாவாவின் கருட் பகுதியில், முக்காடு அணிந்த மூன்று பள்ளி மாணவிகள் 2014இல் ஒரு மெட்டல் குழு தொடங்கினார்கள். பெயர் 'வாய்ஸ் ஆஃப் பாசெப்ரோட்'. அவர்களுடைய சுண்டா மொழியில் 'பாசெப்ரோட்' என்றால் இரைச்சல், சளசளப்பு என்று பொருள். பெண்ணுக்கு இது ஆகாது, மதத்துக்கு இது ஆகாது என்ற ஏச்சுகளுக்கு நடுவே வாசித்து, 2024இல் கிளாஸ்டன்பரி விழா மேடை ஏறினார்கள். அங்கே வாசித்த முதல் இந்தோனேசியக் குழு அவர்களுடையதுதான். வசைச் சொல்லையே பெயராகச் சூடிக்கொள்வது என்னவென்று 'தலித்' என்ற சொல்லோடு வாழும் நமக்குத் தெரியும்.

7. நமக்கான வேலை

2025 ஜூலை 5 அன்று பிளாக் சாபத்தின் நால்வரும் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு ஒன்றாக மேடை ஏறினார்கள். இடம் ஆஸ்டனில் உள்ள வில்லா பார்க் கால்பந்து அரங்கம். நோயால் நிற்க முடியாத ஓஸி ஆசனத்தில் அமர்ந்து பாடினார். நிகழ்ச்சியின் வருவாய் மருத்துவ அறப்பணிகளுக்குப் போனது. ஜூலை 22 அன்று அவர் காலமானார். பர்மிங்காம் நகரமே தெருவில் நின்று அவரை வழியனுப்பியது. ஒரு காலத்தில் கூச்சல் என்று சொன்ன நகரம் அதையே தன் பெருமையாக்கிக்கொண்டது. அந்த இடத்துக்கு வர அதற்கு ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆயின.

நம் ஊரிலும் மாற்றம் இருக்கிறது. சாவுக்குப் பறை அடிக்க மாட்டோம் என்று மறுத்து அடிபட்டவர்கள் இருக்கிறார்கள். அதே பறையை விடுதலைக் கருவியாக மேடையேற்றியவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே போராட்டம்தான். 2018 ஜனவரியில் சென்னையில் 'த காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கானாவையும் ராப்பையும் ராக் கிடாரையும் ஒரே மேடையில் நிறுத்திச் சாதியைப் பெயர் சொல்லிப் பாடியது. இன்று பறை கல்லூரி விழாவிலும் வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கத்திலும் ஒலிக்கிறது. மகிழ்ச்சி. ஆனால் அயோமியின் வெட்டுப்பட்ட விரல்களை உலகமே அறிந்திருக்க, நம் ஊரில் தோல் பதப்படுத்திச் சுண்ணாம்பு நீரில் வெந்துபோன கைகளை யார் அறிவார்கள்? பறையைக் கொண்டாடும் மேடையில் பறையடித்த சேரியின் பெயர் சொல்லப்படுகிறதா?

ஆகவே இந்த அவையின் முன் ஒரு வேண்டுகோளை வைத்து முடிக்கிறோம். நம் அமைப்பின் கிளை உள்ள ஒவ்வொரு ஊரிலும் உள்ள மூத்த பறைக் கலைஞர்கள், ஒப்பாரி பாடும் பெண்கள், கருவி செய்வோர் அனைவரின் பெயரையும் எழுதுவோம். யாரிடம் கற்றார்கள், எந்த அடிக்கு என்ன பெயர், எந்த வேலை அவர்கள் உடம்பில் என்ன காயத்தை விட்டுச் சென்றது என்று அவர்கள் வாயாலேயே கேட்டுப் பதிவு செய்வோம். பாட்டின் கீழே பாடியவர் பெயரைப் போடுவோம். வில்லி டிக்சன் பதினெட்டு ஆண்டுகள் கழித்து மீட்டது தன் பெயரைத்தான். நம்மவர்கள் உயிரோடு இருக்கும்போதே அதைச் செய்ய நமக்கு வாய்ப்பு இருக்கிறது. அடுத்த ஆண்டு இதே நாளில் நாம் கூடும்போது, அந்தப் பட்டியலின் முதல் படி இந்த மேசையில் இருக்க வேண்டும்.

ஜெய்பீம்.